மெத்தையைச் சரிசெய்த மாப்பிள்ளை

கேட்காமல் உதவி செய்யும் ஆண்பிள்ளையைவிடத் திருடன் மேல் என்பது என் மாமியாரின் கொள்கை. திருடன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவானாம். உதவி செய்கிறவன் இருந்ததையும் கெடுத்துவிட்டு, நன்றி சொல்லுவார்கள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பானாம். இந்தத் தத்துவத்துக்குக் காரணம் நான்தான். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

ஏழு வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு இருபத்தொன்பது வயது. சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. வேலை என்றால், நாள் முழுக்க வரிசையாக வரும் பிளாஸ்டிக் மூடிகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மேடு பள்ளம் இருந்தால் தூக்கித் தனியே போடுவது. அந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிட்டது. இட்லியை அழுத்திப் பார்ப்பேன், பஸ் சீட்டை அழுத்திப் பார்ப்பேன். உலகத்தில் உள்ள கோணல் எல்லாம் என் கட்டைவிரலுக்காகவே காத்திருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நேரத்தில்தான் ஹேமாவுடன் நிச்சயமானது. நாகலாபுரத்துப் பக்கத்துக் குடும்பம், திருப்பதியில் குடியேறியவர்கள். அவள் அப்பா இறந்த பிறகு அம்மா வீட்டு வாசலில் டிபன் கடை போட்டுத்தான் பெண்ணைப் படிக்க வைத்தார். ஹேமா பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அதோடு ‘ஆர்ட்டிஸ்ட்’. பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். நான் தாராளமாகத் தலையாட்டினேன். ஆர்ட்டிஸ்ட் என்றால் மயில் வரைவாள், வேங்கடாசலபதி வரைவாள், ஹாலில் மாட்டிக்கொள்ளலாம். யார் வேண்டாம் என்கிறார்கள்?

ஒரு நாள் போன் செய்தாள். சந்திரகிரி ரோட்டில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி ஹாலை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறாளாம். சென்னையிலிருந்து ஒரு மேடம் பார்க்க வருகிறாராம். அவருக்குப் பிடித்துவிட்டால் மூன்று மாதம் சென்னையில் தங்கி வேலை செய்ய இடமும், பெரிய கண்காட்சியில் ஓர் இடமும் கிடைக்குமாம். “ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துகினு கீறேன். ஒரே ஒரு வேலைதான் முக்கியம். அத மட்டும் அவங்க பாத்துட்டா போதும்” என்றாள். அப்புறம் அந்த வேலை என்ன, ஏன் செய்கிறாள், அதற்காக எந்தெந்த ஊருக்கு எந்தெந்தப் பெண்களைத் தேடிப் போனாள் என்று அரை மணி நேரம் விளக்கினாள். நான் “ஆமா… ஆமா… ஓகோ… சூப்பர்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். (டிவியில் கிரிக்கெட். கடைசி ஓவர்கள்.)

அந்த அரை மணி நேரத்தை மட்டும் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. சாமான் ஏற்ற ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வருங்கால மாப்பிள்ளை, சும்மா போவேனா? புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். மாடிக்கு ஏற்ற வேண்டிய சாமானைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கட்டில். இரட்டை மெத்தை. இரண்டு தலையணை. கண்ணாடி வைத்த பீரோ.

மயில் ஒன்றுகூட இல்லை.

நானும் ஹேமாவும் மூச்சு வாங்க மெத்தையை மாடியேற்றிக் கட்டிலில் போட்டோம். எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. ஓகோ! நாளைக்கு என் அம்மாவும் கஸ்தூரி பெரியம்மாவும் கண்காட்சிக்கு வருகிறார்கள். மண்டபமும் எடுத்தாகிவிட்டது. அதனால் படத்தோடு படமாகச் சீர்வரிசையையும் பரப்பிக் காட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் சீரை மண்டபத்தில் பரப்பி வைப்பதும், சொந்தக்காரர்கள் அதைச் சுற்றி வந்து முகத்தைச் சுளிப்பதும் வழக்கம். எனக்குச் சீர் எதுவும் வேண்டாம் என்று நானே வாய் கிழியச் சொல்லியிருந்தேன். ஆனாலும் பாவம், பெண் வீட்டார் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. எனக்கு லேசாகக் கண் கலங்கியது. (கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஹேமா பார்த்துவிட்டு, மெத்தை கனம் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.)

மதியம் அவளும் அவள் அம்மாவும் அட்டைகள் அச்சடித்து வாங்கிவரப் போனார்கள். என்னைக் காவலுக்கு வைத்தார்கள். காவலுக்கு! நான் சும்மா இருப்பேனா? கட்டைவிரல் தானாக நீண்டது. மெத்தையின் இடது பக்கத்தை அழுத்தினேன். ஆகா, இலவம் பஞ்சு, வெண்ணெய் மாதிரி. வலது பக்கத்தை அழுத்தினேன்.

கட்டைவிரல் மடங்கியது.

மேடு, பள்ளம், முண்டு, முடிச்சு. இன்னோர் இடத்தில் ஏதோ குத்தியது. ஐயையோ, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்! ஆண் துணை இல்லாத வீடு என்று பாதி மெத்தையில் குப்பையை அடைத்துக் கொடுத்திருக்கிறான். நாளைக்கு கஸ்தூரி பெரியம்மா வருவாள். பெரியம்மா சீர் மெத்தையைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள், ஏறி உட்கார்ந்துதான் பார்ப்பாள். இந்த மேட்டில் மட்டும் உட்கார்ந்துவிட்டால் முப்பது வருஷத்துக்கு ஹேமாவுக்கு நிம்மதி கிடையாது. “எங்க லோகுக்கு கல்லு மெத்த குட்த்தாங்கம்மா” என்று காட்பாடி வரைக்கும் சொல்லுவாள்.

மாமியாரிடம் சொன்னால் அவர் மனம் நோகும். ஹேமாவிடம் சொன்னால் அழுவாள். காதும் காதும் வைத்த மாதிரி நானே முடித்துவிட வேண்டியதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்ச் சந்தில் பஞ்சு அடிக்கும் மிஷினோடு ஒரு மெத்தைக்காரர். தெய்வமே அனுப்பி வைத்தது என்று நினைத்தேன்.

மெத்தைக்காரர் மேலே வந்தார், வலது பக்கத் தையலைப் பிரித்தார், கையை விட்டார். விட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“சார், உள்ள என்னமோ டிக்கு டிக்குனு அடிச்சிகினு கீது.”

நான் இரண்டு அடி பின்னால் போனேன். இருந்தாலும் மாப்பிள்ளை அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு மெத்தையைக் கவிழ்த்து உதறினேன். கடகடவென்று கொட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய அலாரம் கடிகாரம். புளியங்கொட்டை, படி கணக்கில். சிக்கு முடி, பந்து பந்தாக. துணியில் சுற்றிய உடைந்த கண்ணாடி வளையல். துருப்பிடித்த பூட்டு, சாவி இல்லை. குக்கர் விசில், கரண்டி, பால் புட்டி ரப்பர், மாத்திரை அட்டை, ஒரு குழந்தையின் ரேங்க் கார்டு, மூடி நசுங்கிய தைல டப்பா.

முடி. வளையல். பூட்டு. நான் பி.டெக். படித்தவன். மூட நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்தான்.

“செய்வினை!”

மெத்தைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதெல்லாம் நமக்கு தெலீது சார். பஞ்சு போடட்டா வேணாவா? மத்தியானம் சோறு துன்னல நானு.”

நான் கஸ்தூரி பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் எங்கள் ஜில்லாவுக்கே அவள்தான் அத்தாரிட்டி. என் சிநேகிதன் ஒருவன் வீட்டு மெத்தையில் இப்படி இப்படி இருந்தது என்று சொன்னேன்.

“முடி கீதா? வளையலும் கீதா? அய்ய, எவளோ நல்லா பண்ணிக்கிறா. வெள்ளத் துணில மூட்ட கட்டி, ஓட்ற தண்ணில வுட்டுட சொல்லு. வுட்டுட்டு திரும்பி மட்டும் பாக்க கூடாது. பாத்தான், பின்னாலயே வந்துரும்.”

மெத்தைக்காரரிடம் நல்ல பஞ்சாகப் போடச் சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டி பைக்கில் வைத்து சொர்ணமுகி ஆற்றுக்குப் பறந்தேன். அதில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். என் கெட்ட நேரம், அந்த வாரம் மழை பெய்து நல்ல தண்ணீர். பாலத்தின் மேல் நின்று கோவிந்தா கோவிந்தா என்று சொல்லி மூட்டையை வீசினேன். திரும்பினேன். இரண்டு அடிதான் வைத்திருப்பேன்.

பின்னால் ஆற்றுக்குள்ளிருந்து ‘ட்ரிங்ங்ங்’ என்று மணி அடித்தது.

என் உடம்பில் உள்ள முடி அத்தனையும் எழுந்து நின்றது. திரும்பிப் பார்க்கக் கூடாது! மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நான் ஓடுகிறேன். பைக் எனக்குப் பின்பக்கம் நிற்கிறது என்பது அரை பர்லாங் ஓடிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்க்காமல் பைக்கை எப்படி எடுப்பது? பின்புறமாகவே நடந்து வந்தேன். அந்த வழியாக வந்த ஒரு டவுன் பஸ் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

மண்டபத்துக்கு வந்தபோது மெத்தை புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. இடது பக்கம் அழுத்தினேன், வலது பக்கம் அழுத்தினேன். ஒரே சீர். தையல்கூடத் தெரியவில்லை. ஹேமா வந்ததும் “எல்லாம் சரியா கீதா?” என்று கேட்டாள். “பர்ஃபெக்ட்” என்றேன்.

மறுநாள் காலை பத்து மணி. முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். என் அம்மா பட்டுப்புடவையில் வந்தார். கஸ்தூரி பெரியம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். சென்னை மேடம் காட்டன் புடவையும் பெரிய கண்ணாடியுமாக வந்தார். ஹேமா மெத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினாள். சந்தோஷத்தில் அவள் குரல் நடுங்கியது.

“இது நம்ம வீட்டு கட்டில். கல்யாணத்துக்கு கொடுக்கற அதே இரட்டை மெத்தை. இடது பக்கம் ஆம்பளையோடது. வலது பக்கம் பொம்பளையோடது. பதினோரு பெண்களைப் போய்ப் பாத்தேன். ராத்திரில நீங்க எதுக்காக எழுந்திருப்பீங்க, அதுல ஒரு பொருள் கொடுங்கன்னு கேட்டேன். அவங்க கொடுத்ததெல்லாம் வலது பக்கத்துக்குள்ள இருக்கு. ரெண்டு பக்கமும் படுத்துப் பாருங்க. பாத்துட்டு எது சௌகரியம்னு சொல்லுங்க.”

நான் நின்றபடியே செத்துப்போனேன். நியாயமாக அங்கேயே மயங்கி விழுந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன உடம்பு, திடமாக நின்றது.

சென்னை மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு இடது பக்கம் படுத்தார். “ஆகா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். புரண்டு வலது பக்கம் படுத்தார். கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மேடம் இப்படி அசைந்தார், அப்படி அசைந்தார், இன்னொரு தடவை புரண்டார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “இதுவும் சௌகரியமாத்தானேம்மா இருக்கு?”

ஹேமா குனிந்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ஒரு தடவை. மூன்று தடவை. அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

இந்த இடத்தில் மூளையுள்ள ஒருவன் பாத்ரூமுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரேணிகுண்டாவில் ரயில் ஏறியிருப்பான். நான் முன்னால் வந்தேன். விளக்கினால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

“நான்தான் ஹேமா சரி பண்ணேன். கடைக்காரன் உங்கம்மாவ ஏமாத்திட்டான்னு நெனச்சேன். உங்களுக்கு அவமானமாயிட கூடாதுன்னு, யாருக்கும் தெரியாம…” (முப்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.)

“உள்ள இருந்தது எங்க?”

“சொர்ணமுகில.”

கூட்டத்தின் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “மாப்ள, என் கடியாரம்? காலைல மூணு மணிக்கு மாவு ஆட்ட எழுந்திருப்பேனே, அந்த அலாரம்?”

“மத்தியானமும் மூணு மணிக்கு அடிச்சிது அத்தே. தண்ணிக்குள்ள முழுகற வரைக்கும் அடிச்சிகினேதான் இருந்துச்சு.”

“டேய் லோகு” என்றாள் கஸ்தூரி பெரியம்மா, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “அப்ப உன் சிநேகிதன் இன்னா ஆனான்?”

இதற்குப் பிறகு என் அம்மா பேசியதுதான் என்னைக் கொன்றது. சத்தமே போடவில்லை. “அதுல உன் தைல டப்பா இருந்துச்சேடா” என்றார். “நிச்சயத்தன்னிக்கி இந்தப் பொண்ணு கேட்டுச்சு. இருபது வருசமா வெச்சிகினு இருந்தேன். நான்தான் எடுத்து குடுத்தேன்.”

ஹேமா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அதுவரை என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள் அன்றைக்கு முதல் தடவையாக “வெளிய போ நீ” என்றாள்.

நேராக ஆற்றுக்குப் போனேன். புதுச்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் சாயந்திரம் வரை துழாவினேன். ஒரு கரண்டி கிடைத்தது. அதுவும் நம்முடையதுதானா என்று இன்றுவரை தெரியாது. சென்னை மேடம் நல்ல மனுஷி. “அடுத்த முறை பார்க்கலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மூன்று மாத இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது.

பதினாறு நாள் ஹேமா போனை எடுக்கவில்லை. பதினேழாம் நாள் எடுத்தாள். “கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு எனக்கு தெரியாது. மொதல்ல அந்த பதினோரு பேர்கிட்டயும் போ. நீ இன்னா பண்ணன்னு நீயே சொல்லு. மறுபடியும் கேட்டு வாங்கிகினு வா. அவங்க பேசறத முழுசா கேக்கணும். ஆமா ஆமான்னு சொல்லக் கூடாது.” கிரிக்கெட் விஷயம் அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

போனேன். ஏர்பேட்டில் ஒரு அக்கா கதவைப் பாதி திறந்து, விஷயத்தைக் கேட்டு, முழுசாக மூடிவிட்டார். சந்திரகிரியில் ஒரு டீச்சரம்மா மூன்று மணி நேரம் பேசினார். கடைசியில் “இத்தினி நாள்ல யாரும் கேக்கல தம்பி” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். நாகலாபுரத்தில் ஒரு அம்மா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவரைக் காட்டி, “நான் ராத்திரில எழுந்திருக்கறது இதுக்குத்தான். இதயே எடுத்துகினு போய் உள்ள வெச்சி தெச்சிருங்க நைனா” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியாக என் அம்மா.

“என்கிட்ட வேற இன்னாடா கீது? அந்த டப்பா ஒண்ணுதான். சின்னதுல உனக்கு மூச்சு வாங்கும். ஒதடு நீலமாயிடும். தைலம் தேச்சிகினே விடிய விடிய உக்காந்துகினு இருப்பேன். உங்க நைனா அந்த ரூம்ல தூங்குவாரு. அவருக்கு காலைல வேலை.”

“உனக்கு வேலை இல்லியாம்மா?”

“எனக்கு இன்னா வேலை? வீட்லதானே கீறேன்” என்றார். சொல்லிவிட்டு எனக்குத் தோசை வார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தத் தோசை இறங்கவே இல்லை.

ஏழு பொருளோடு ஹேமா வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமியார் புது அலாரம் ஒன்றை ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தார். ஹேமா ஒவ்வொன்றாக எடுத்து, யார் கொடுத்தது, என்ன சொன்னார் என்று கேட்டாள். பரீட்சை மாதிரி பதில் சொன்னேன். அம்மாவைப் பற்றி மட்டும் அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, உன்னுது இன்னா?” என்றாள்.

“என்னுதா?”

“ராத்திரில யாருக்காகவாவது நீ எழுந்திருக்கறதுக்கு ஒரு பொருள் குடு.”

யோசித்தேன். நன்றாக யோசித்தேன். தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறேன். உலகக் கோப்பை பார்க்க எழுந்திருக்கிறேன். இருபத்தொன்பது வருஷத்தில் இன்னொரு மனிதருக்காக நான் ஒரே ஒரு ராத்திரிகூட எழுந்ததில்லை. இந்த ஊரில் இத்தனை கோணலைக் கண்டுபிடித்த என் கட்டைவிரலுக்கு இது மட்டும் எப்படித் தப்பியது என்று அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்வினையைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

“அதான் இடது பக்கத்துல வெச்சிருந்தேன்” என்றாள் ஹேமா. “பஞ்சு.”

உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த மாமியாருக்கு இது காதில் விழுந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். கஸ்தூரி பெரியம்மாவுக்கு அன்றைக்கே போனும் போட்டுவிட்டார். கல்யாணம் ஐந்து மாதம் தள்ளி நடந்தது. அதற்குள் இரண்டு குடும்பத்திலும் என் பெயர் பஞ்சு என்று ஆகிவிட்டது. லோகநாதன் என்ற பெயர் இப்போது ஆதார் கார்டில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த மெத்தையை ஹேமா மறுபடி தைத்தாள். இரண்டு ஊரில் அதைக் காட்டியும் விட்டாள். எங்களுக்கு இப்போது ஒன்றரை வயதில் ஒரு மகள். பகல் முழுக்கத் தூங்குவாள், ராத்திரி முழுக்கக் கச்சேரி. மாமியார் தினமும் விடியற்காலையில் மாவு ஆட்டி முடித்த கையோடு போன் செய்வார். குழந்தை எப்படி இருக்கிறாள், மகள் எப்படி இருக்கிறாள் என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி என்றைக்கும் ஒன்றுதான். ஹேமா போர்வைக்குள்ளிருந்தே ஸ்பீக்கரைப் போடுவாள்.

“இன்னாம்மா, பஞ்சு எழுந்துச்சா?”

“எழுந்து பால் காய்ச்சிகினு கீதும்மா” என்பாள் ஹேமா, இடது பக்கத்தில் நன்றாகப் புரண்டு படுத்துக்கொண்டு.